வீட்டில் யார் இருக்கிறார்கள்?

ஐப்பசி என்பது நம் காவிரிக் கரையில் வானம் திறந்துகொள்ளும் மாதம். அதே ஐப்பசி இமயத்தின் உள்மடிப்புகளில், சட்லெஜும் ஸ்பிதியும் மலையை அறுத்துக்கொண்டு ஓடும் பிரதேசங்களில், திறந்திருந்தவை யாவும் ஒவ்வொன்றாக அடைபடத் தொடங்கும் மாதம். கணவாய்களில் முதற்பனி விழுமுன் கடக்க வேண்டியவர்கள் கடந்துவிட வேண்டும். மேய்ச்சலுக்கு ஏறிய மந்தைகள் கீழிறங்கிவிட வேண்டும். புல்லும் விறகும் கூரைமேல் ஏறிவிட வேண்டும். அப்படிப்பட்ட ஒரு பருவத்தில்தான் நானும் என் மனைவியும் சிம்லாவில் ஒரு வாடகைக் காரை அமர்த்திக்கொண்டு, நார்கண்டா, ராம்பூர் வழியாகக் கின்னௌருக்குள் நுழைந்து, கல்பா, நாகோ, தாபோ, காஜா என்று மேலேறி, 4,500 மீட்டருக்கும் உயர்ந்த குன்ஜும் கணவாயைத் தாண்டி மணாலியில் இறங்கும் அந்த நீண்ட வட்டத்தைச் சுற்றிவந்தோம்.

அந்தப் பிரயாணத்தில் கண்டவற்றை எழுதுவதானால் எழுதுவதற்கு நிறைய உண்டு. கல்பாவில் விடியற்காலையில், 6,050 மீட்டர் உயரமுள்ள கின்னர் கைலாசத்தின் சிகரத்தில் முதல் வெயில் படுவதும், காப் என்னுமிடத்தில் ஸ்பிதி நதி ஒரு குறுகிய பிளவின் வழியே வந்து சட்லெஜில் கலப்பதும், அதற்கப்பால் மரமே அற்ற மண்மலைகளினடியில் பாப்ளர் மரங்கள் மட்டும் மஞ்சளாய் எரிந்துகொண்டு நிற்பதும் என் கண்ணை விட்டு அகலாதவை. ஆயினும் ஊர் திரும்பிய பிறகு என்னை விடாமல் தொடர்ந்து வருவது அவற்றில் ஒன்றுமில்லை. ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கும் நேரம்கூட நீடிக்காத ஒரு சம்பாஷணைதான் என்னை இத்தனை காலமாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

கல்பாவுக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவில், ஆப்பிள் தோட்டம் ஒன்றின் ஓரமாக வண்டியை நிறுத்தியிருந்தோம். பச்சை வெல்வெட் மடிப்பு வைத்த கின்னௌரித் தொப்பி அணிந்த, நடுவயதைக் கடந்த ஒரு மாது, பழங்களைப் பருமன் வாரியாகப் பிரித்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். காம்பு ஒடிந்த பழத்தைத் தனியே ஒதுக்கினாள். காம்போடு இருக்கும் பழம்தான் பிரயாணத்தைத் தாங்கும் என்றாள். என் மனைவி நாகபுரியில் வளர்ந்தவளாதலால் ஹிந்தி அவளுக்குச் சரளம். எனக்குக் கேட்டால் புரியும், பேச வராது. ஆகவே நான் சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“எங்கிருந்து வருகிறீர்கள், பஹன்ஜி?”

“மதராஸ் பக்கம். வெகு தூரம்.”

“இரண்டு பேருமாகவா? அப்படியானால் வீட்டில் யார் இருக்கிறார்கள்?”

“என் மாமியார் இருக்கிறார்.”

“அவருக்குக் குளிர்காலத்து விறகு சேர்த்தாயிற்றா?”

“எல்லாம் எடுத்து வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.”

அந்த மாது திருப்தியோடு தலையசைத்தாள். இரண்டு நல்ல பழங்களை எடுத்து என் மனைவியிடம் கொடுத்தாள். பிறகு சற்று யோசித்து, பெட்டியில் சேராதென்று ஒதுக்கிய பழங்களில் நாலைந்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, நன்கு கனிந்து இளகிய ஒன்றைத் தேர்ந்து, “இது உங்கள் மாமியாருக்கு, வயதானவர்களுக்குக் கெட்டிப் பழம் கடிக்க வராது” என்று மூன்றாவதாக வைத்தாள். காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டாள்.

என் தாயார் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது. சாவி எதிர்வீட்டில் இருந்தது.

இதில் உறுத்துவதற்கு என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கலாம். வழியில் சந்தித்த ஓர் அந்நிய ஸ்திரீயிடம், வீட்டு விருத்தாந்தமெல்லாம் சொல்லிக்கொண்டிராமல், கேட்டவள் மனம் நோகாதபடி ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிடுவது எவரும் செய்யக்கூடியதே. தீங்கில்லாத பொய்க்கு வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறார். அந்தச் சமாதானத்தை நானும் அன்றைக்கே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் அது நிற்கவில்லை. பொய் சொல்ல வருகிறவர்களுக்குச் சொல்லுமுன் ஒரு கணம் தயக்கம் வரும், என் மனைவிக்கு வரவில்லை. பையின் வாரைச் சரிசெய்துகொண்டே, தலை நிமிராமல், அன்றாடம் சொல்லிப் பழகியதைச் சொல்வதுபோல் சொன்னாள். முதல் விடையைச் சமாளிப்பு என்று தள்ளிவிடலாம். விறகைப் பற்றிக் கேட்டபோது சொன்ன இரண்டாவது விடை இருக்கிறதே, அதை அப்படித் தள்ள முடியவில்லை. சமாளிப்பவர்கள் “ஆம்” என்பதோடு நிறுத்திவிடுவார்கள். இவளோ எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் வந்ததாகச் சொன்னாள்.

அந்த மாது அப்படிக் கேட்டதிலே விசித்திரம் ஒன்றுமில்லை என்பது மேலே போகப்போக விளங்கியது. அந்தப் பக்கத்தில் இலையுதிர்காலம் ஒரு கெடுவைக் கொண்டுவரும் காலம். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் தேசத்தின் பெரும்பகுதி 1952-ஆம் வருஷத்தின் தொடக்கத்தில் வாக்களித்தபோது, கின்னௌர்க்காரர்கள் 1951 அக்டோபரிலேயே வாக்களித்துவிட்டார்கள். பனி மூடிய பிறகு வாக்குச்சாவடிக்கு வழி இராது என்பதே காரணம். கல்பாவைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஷியாம் சரண் நேகி, இந்தியாவின் முதல் வாக்காளர் என்று பிற்காலத்தில் பெயர் பெற்றது அதனால்தான். ஒரு குடியரசே தன் நாட்காட்டியை மாற்றிக்கொள்ள வேண்டிவந்த பருவம் அது. அத்தகைய பருவத்தில் ஒரு கணவனும் மனைவியும், புல்லை அடுக்காமல், விறகைப் பிளக்காமல், ஊர் பார்க்கக் கிளம்பி வந்து நிற்பதைக் கண்டால், வீட்டில் யார் என்று கேட்கத்தானே தோன்றும்? எங்கள் காரோட்டியான இளைஞன்கூட, சாயங்காலம் எந்த ஊரில் தங்கினாலும், கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்கும் மேட்டைத் தேடிப் போய் நின்றுகொண்டு, முதலில் தன் தாயிடம் புல் உள்ளே வந்துவிட்டதா என்று கேட்பான். மற்றப் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆகவே கேள்வி எனக்குப் புரிகிறது. புரியாதது விடைதான். அந்த விடையை எண்ணும்போதெல்லாம் என் மனம் அந்த மலையை விட்டுவிட்டு, எங்கள் கிராமத்து வீட்டுக் கதவுக்குப் பின்னே ஒரு ஆணியில் தொங்கிய பூட்டுக்குப் போய்விடுகிறது.

அது திண்டுக்கல் பூட்டு. மாங்காய் வடிவில், உள்ளங்கை கொள்ளாத கனத்தோடு இருக்கும். என் பாட்டனார் வாங்கியதாம். வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜையன்று, தகப்பனார் அதை இறக்கி, சாவித் துளையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, திருகிப் பார்த்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, ஏர்க்கொழுவுக்கும் அரிவாளுக்கும் பக்கத்தில் வைப்பார். மறுநாள் அது மீண்டும் ஆணிக்குப் போய்விடும். அது கதவில் தொங்கி அந்நாளில் நான் பார்த்ததில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் எப்போதும் யாராவது இருந்தார்கள். தகப்பனார் ஊர்க்காரர்களோடு காசிக்குப் போனபோது தாயார் இருந்தாள். பசு சினையாக இருந்தது, விளக்கேற்ற ஆள் வேண்டும் என்றார்கள். பிறகு தாயார் தன் சகோதரிகளுடன் ராமேசுவரம் போனபோது தகப்பனார் இருந்தார். அந்த நாட்களில் அவரே விளக்கேற்றினார். காசியையும் ராமேசுவரத்தையும் சேர்த்து ஒரே யாத்திரையாகச் சொல்வது நம் மரபு. அந்த யாத்திரையை என் பெற்றோர் இருவருமாக முடித்தார்கள், ஆனால் ஆளுக்குப் பாதியாக முடித்தார்கள். அவர்கள் சேர்ந்து ஓர் அந்நிய ஊரில் ஓர் இரவு தங்கியதாக எனக்கு ஞாபகமில்லை. அதை ஒரு குறையாக அவர்கள் பேசியும் நான் கேட்டதில்லை. ஒருவர் போவதற்கு இன்னொருவர் இருப்பதே ஆதாரம் என்பது, நிற்க நிலம் வேண்டும் என்பதைப் போல, அவர்களுக்கு விவாதத்துக்கு அப்பாற்பட்ட விஷயம்.

அந்தப் பூட்டு கதவுக்கு வந்தது தகப்பனாருக்குப் பின், தாயாரை நாங்கள் பட்டணத்துக்கு அழைத்துக்கொண்டு வந்த அன்றுதான். பூட்டியதும் அவள் அதை மூன்று தரம் இழுத்துப் பார்த்தாள். சாவியை என்னிடம் கொடுக்கவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அதே கிராமத்தில், பெருமாள் கோயில் மண்டபத்தில், ஒரு புரட்டாசி மாதத்தில் பாரத உபந்நியாசம் நடந்தது. நான் சிறுவன். பெரும்பாலான இரவுகளில் சூது படலத்துக்கும் யுத்தத்துக்கும் நடுவே எங்கேயோ தூங்கிப்போனேனாயினும், கடைசி நாள் மகாப்பிரஸ்தானத்தை முழுக்க விழித்திருந்து கேட்டேன். பாண்டவர் ஐவரும் திரௌபதியும் மரவுரி தரித்து இமயத்தின்மேல் ஏறுகிறார்கள். முதலில் திரௌபதி விழுகிறாள். ஏன் விழுந்தாள் என்று பீமன் கேட்கிறான். தருமபுத்திரர் காரணம் சொல்கிறார், ஆனால் திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டே சொல்கிறார். கேட்டிருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அரிக்கேன் விளக்கை வீசிக்கொண்டு வீடு திரும்பும் வழியில் என் தாயார் கேட்ட கேள்வியோ வேறு. “எல்லாருமாகக் கிளம்பிவிட்டார்களே, அங்கே யார் இருந்தார்கள்?” என்று கேட்டாள். “அது கதையில் வராது” என்றார் தகப்பனார்.

வெகு காலத்துக்குப் பிறகு, ம. வீ. இராமானுஜாசாரியார் பெரும்பாடுபட்டுக் கும்பகோணத்திலிருந்து வெளியிட்ட மகாபாரதத் தமிழ்ப் பதிப்பில் அந்தப் பருவத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அது கதையில் வரத்தான் செய்கிறது என்று கண்டேன். நான் படித்தது பாதி மறந்துவிட்டது. ஆயினும் இவ்வளவு நினைவிருக்கிறது: புறப்படுமுன் தருமபுத்திரர் பரீட்சித்துக்குப் பட்டம் கட்டிவிட்டு, சுபத்திரையை அழைத்து, பேரனையும் வம்சத்தில் மிஞ்சியவர்களையும் காக்கும் பொறுப்பை அவளிடம் ஒப்புவிக்கிறார். அபிமன்யுவைப் போர்க்களத்தில் பறிகொடுத்த அதே சுபத்திரை. அர்ச்சுனனின் மனைவியரில் ஒருத்தி மலையேறுகிறாள், ஒருத்தி வீட்டில் இருக்கிறாள். மலையேறி விழுந்தவளைப் பற்றி உபந்நியாசகர் ஒரு முழு நாழிகை பேசினார். இருந்தவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர்மிளையின் துயரைப் பாடவாவது பின்னாளில் கவிகள் வந்தார்கள். சுபத்திரை இருந்துவிட்டதை நினைப்பவர்கள் அரியர். ஆனால் சகலத்தையும் துறந்து, திரும்பி வருவதற்கில்லாத பிரயாணம் புறப்பட்ட அந்த மகானுபாவர்கள்கூட, வீட்டில் ஒருவரை இருக்கச் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டார்கள் என்பது எனக்குச் சாமானிய விஷயமாகப் படவில்லை.

பாண்டவர்களின் பெயர் கின்னௌரில் இன்னும் புழங்கும் பெயர். சகோதரர்கள் ஒரே பெண்ணை மணந்து ஒரே வீட்டில் வாழும் வழக்கம் அந்தப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. இப்போது பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதைச் சொல்லும்போது பாண்டவர்களைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் உண்டு. சமுதாய நூலோர் காட்டும் காரணம் வேறு: ஏற்கெனவே சிறுத்த நிலம் பங்கு பிரிந்து துண்டாகாமல் இருப்பதும், ஒருவன் மந்தையோடு மலைமேலும், ஒருவன் வியாபாரத்துக்குத் திபேத்து வழியிலும் போயிருக்க, ஒருவன் வீட்டிலும் வயலிலும் இருப்பதும் அந்த ஏற்பாட்டால் கைகூடின. ஸ்பிதியில் முறை இன்னொரு விதம். மூத்த மகனுக்குத் திருமணமானதும் பெற்றோர் பெரிய வீட்டை அவனிடம் விட்டுவிட்டுச் சிறிய வீட்டுக்குப் போய்விடுவார்கள். இளைய மகன் மடத்துக்குப் போய் லாமாவாவான். நியாயம் அநியாயம் என்று இவற்றை நிறுத்துப் பார்க்க நான் வரவில்லை. அந்த நிறுவையில் பெண்களின் சம்மதம் எங்கே என்ற கேள்வியும் எழும், எழவும் வேண்டும். நான் கவனித்தது ஒன்றே: இந்த ஏற்பாடுகள் யாவும், அவற்றின் ஊடும் பாவும் எப்படி இருப்பினும், வீடு ஒரு குளிர்காலம்கூட ஆளின்றிக் கிடக்கக்கூடாது என்ற ஒரே கவலையிலிருந்து பிறந்தவையாகத் தோன்றுகின்றன.

அந்தக் கவலைக்குக் காரணம் கண்ணெதிரே இருந்தது. மரச்சட்டமும் கல்லும் மாறிமாறி அடுக்கிக் காரையின்றிக் கட்டிய அந்தப் பழைய வீடுகளில் கீழ்க்கட்டு மாட்டுக்கும் ஆட்டுக்கும், மேற்கட்டு மனிதருக்கும். கீழே நிற்கும் பிராணிகளின் உடற்சூடு மேலே எழுந்து மனிதரைக் காக்கும். நடுக்கூடத்தில் இரும்பு அடுப்பு. அதன் குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு போகும். அங்கே ஆள் இல்லாத வீடு என்றால் நெருப்பில்லாத வீடு. நெருப்பில்லாத வீட்டில் தண்ணீர் உறையும், பிராணி சாகும், கூரைப்பனியைத் தள்ள ஆளில்லாமல் உத்தரம் முறியும். வீட்டில் இருப்பவர் சும்மா இருப்பவரல்லர். வீட்டை உயிரோடு வைத்திருப்பவர். அடுத்த ஆவணியில் திரும்பி வந்து திறந்துகொள்ளலாம் என்று பூட்டிவிட்டுப் போக அது பொருளல்ல.

இப்படி எண்ணிக்கொண்டே போகையில், இதற்கு மாறான சாட்சியங்களும் அதே சாலையிலேயே எதிர்ப்பட்டதை நான் மறைக்கக்கூடாது. நார்கண்டாவிலிருந்து பிரியும் ஒரு கிளைச்சாலை கோட்கட், தானேதார் ஊர்களுக்குப் போகிறது. சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1904-இல், குஷ்டரோகிகளுக்குப் பணிசெய்ய பிலடெல்பியாவிலிருந்து வந்தவர், அங்கேயே ஒரு மலைப்பெண்ணை மணந்து, 1916-இல் தம் தேசத்து ஆப்பிள் வகையைக் கொண்டுவந்து நட்டார்; சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார்; பின்னர் சத்தியானந்தர் என்று பெயர் மாற்றிக்கொண்டார். இன்று அந்த மாநிலத்து மலைச்சரிவுகளில் சிவந்து தொங்கும் பழங்களுக்கு அவரே மூலபுருஷர். தம் வீட்டை விட்டு வந்து, நிரந்தரமாகத் திரும்பிப் போகாமலே, வந்த இடத்தை வீடாக்கிக்கொண்டவர் அவர். அவரிடம் அந்தக் கின்னௌர் மாது “வீட்டில் யார்?” என்று கேட்டிருந்தால் எந்த வீட்டை நினைத்து விடை சொல்லியிருப்பார்?

இன்னும் ஒன்று. தை மாதத்தை ஒட்டி, ஸாஜோ என்ற பண்டிகையின்போது, கின்னௌர்க் கிராம தேவதைகள் தத்தம் கோயில்களை விட்டு சுவர்க்கத்துக்குப் போய்விடுவதாக ஐதீகம். அவை திரும்பும்வரை சந்நிதி அடைத்திருக்கும். தெய்வமே வீட்டைப் பூட்டிக்கொண்டு பிரயாணம் போகிறது என்று கேட்டபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. உடனே, அந்த ஆறுதலைக் கெடுப்பதுபோல், பத்ரிநாதம் நினைவுக்கு வந்தது. அந்த ஆலயமும் ஐப்பசி கார்த்திகையில் அடைபட்டு, கோடையில்தான் திறக்கிறது. ஆனால் அடைக்குமுன் உள்ளே ஒரு தீபத்தை ஏற்றிவைக்கிறார்கள், ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது அது எரிந்துகொண்டிருக்கக் காண்பதே முதல் தரிசனம். ஆக, தெய்வம் போகலாம் என்பது ஒரு மரபு. போனாலும் விளக்கு இருக்க வேண்டும் என்பது இன்னொரு மரபு. இரண்டும் ஒரே இமயத்தில் இருக்கின்றன, ஒன்றை ஒன்று மறுக்காமல்.

இனி, இத்தனை தூரம் சுற்றியதும் எதற்காகவோ அந்த இடத்துக்கு வருகிறேன். என் தாயார் எங்களோடு இருந்த காலமெல்லாம் நானும் என் மனைவியும் சேர்ந்து வெளியூர் போனதில்லை. உத்தியோக நிமித்தம் நான் போவேன், அவள் இருப்பாள். அது யாரும் யார்மீதும் சுமத்தியதென்று சொல்வதற்கில்லை. அந்த வீட்டின் நடைமுறை அப்படி அமைந்தது. “நீயும் போய்விட்டு வா, நான் இருக்கிறேன்” என்று தாயார் சொல்லாத தடவையில்லை. ஆனால் அவளை ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக்கொள்ளவும் விடக்கூடாத நிலை வந்த பின், அந்த வார்த்தைக்கு வார்த்தையளவில்தான் மதிப்பு என்பது மூவருக்கும் தெரியும். அந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் கொஞ்சிக்கொண்டவர்களல்லர். ஒரே சமையலறையில் இரண்டு பேர் இருந்தால் என்னென்ன நேருமோ அவை எல்லாம் நேர்ந்தன. கடைசி நாட்களில், கெட்டியாக எதையும் மெல்ல முடியாமல் போனபோது, பழத்தைச் சீவி, வேகவைத்து, மசித்து, கரண்டியால் ஊட்டியவள் என் மனைவிதான்.

அந்தக் கின்னௌர் மாது கட்டைவிரலால் அழுத்தி இளகிய பழத்தைத் தேர்ந்தெடுத்தபோது என் மனைவியின் முகம் எப்படி இருந்தது என்று நான் கவனிக்கவில்லை. அவள் எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். ஆனால் ஒன்று எனக்குப் படுகிறது. “வீட்டில் யார்?” என்ற கேள்விக்கு, தன் மணவாழ்க்கையின் பெரும்பகுதியில் அவள் விடை சொல்பவளாக இருந்ததில்லை, அவளே விடையாக இருந்தவள். என்னை ரயிலில், விடுதியில், யார் யாரோ கேட்டிருக்கிறார்கள். “சம்சாரம் இருக்கிறாள்” என்று நான் சொல்லியிருக்கிறேன், யோசிக்காமல். அவளோ முதல்தடவையாக அந்தக் கேள்வியை எதிர்கொண்டாள். இருந்தவள் கிளம்பி வந்துவிட்டாள் என்றால், அந்த இடத்தில் யாரையாவது இருத்தியாக வேண்டும். தனக்கு அந்த இடத்தை ஒப்படைத்தவளிடமே அவள் அதைத் திருப்பி ஒப்படைத்துவிட்டு வந்தாளோ? விறகும் எடுத்து வைத்துவிட்டு?

அல்லது இதெல்லாம் என் கற்பனையோ? ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் அதில் நாம் வைத்ததெல்லாம் தெரியத் தொடங்கும். அவள் வெறுமனே மரியாதைக்காகச் சொல்லியிருக்கலாம். மாமியார் இருந்தவரை எங்கும் போக முடியாததை நினைத்து, சற்றே கசப்போடு சொல்லியிருக்கலாம். பிரிவாற்றாமையால் சொல்லியிருக்கலாம். இவை மூன்றும் ஒருசேர இருப்பதற்கும் மனித மனத்தில் இடமுண்டு. அந்த மூன்றாவது பழம் காஜா வரையில் அவளுடைய பையில் இருந்ததைக் கண்டேன். குன்ஜும் கணவாயில், வழிப்போக்கர் வழக்கப்படி அவள் இறங்கித் தேவியின் சந்நிதியை வலம்வந்தாள். நான் உயரத்தின் தலைவலியால் வண்டியிலேயே இருந்துவிட்டேன். ரோதங் மலையைக் குடைந்து 2020-இல் திறந்த அந்த ஒன்பது கிலோமீட்டர்ச் சுரங்கத்தின் வழியே மணாலிப் பக்கம் வந்து சேர்ந்து பையைப் பிரித்தபோது பழம் இல்லை. தேவிக்கு வைத்தாளா, காரோட்டிக்குக் கொடுத்தாளா, தானே தின்றாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள். சொன்னால் அது ஒரு விடையாகிவிடும். இப்போது என்னிடம் இருப்பது விடையைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. ஒருவேளை அது சாக்காகவும் இருக்கலாம்.

உண்மையில் என்னை அலைக்கழிப்பது அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது மட்டுமன்று. நம் காலத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து கிளம்புவதை ஒரு பெரிய விடுதலையாக நினைக்கிறோம்; அது விடுதலைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் தாயாருக்குக் கிடைக்காதது என் மனைவிக்குத் தாமதமாகவேனும் கிடைத்ததற்காக நான் மனப்பூர்வமாக மகிழ்கிறேன். ஆனால் இருவரும் கிளம்பிவிட்ட பிறகு, போவதென்பதற்கும் வருவதென்பதற்கும் உள்ள வேற்றுமை எங்கேயோ மெலிந்துபோகிறது. தகப்பனார் காசியிலிருந்து திரும்பியபோது தாயாரிடம் திரும்பினார். தாயார் ராமேசுவரத்திலிருந்து அவரிடம் திரும்பினாள். நாங்கள் மணாலியிலிருந்து யாரிடம் திரும்பினோம்? சாவி வைத்திருந்த எதிர்வீட்டாரிடம் என்று சொல்வதா? ஒருவரிடமிருந்து ஒருவர் பிரியவே இல்லை, ஆகவே திரும்பவேண்டிய அவசியமே இல்லை, இருவரும் சேர்ந்து இருக்கும் இடமே வீடு என்று ஒரு பதில் உண்டு. அழகான பதில். இருவரும் இருக்கும்வரை அது போதும் என்றுகூட நினைக்கிறேன். அதற்கு அப்பால் அது போதுமா என்று எனக்குத் தெரியாது. போனவரின் பெயரைச் சொல்லியாவது வீட்டில் ஒருவரை இருத்திவிட்டு வருவது பழக்கத்தின் மிச்சமா, அல்லது இரண்டு பேரும் கிளம்பக் கற்றுக்கொண்ட நாம் இனிமேல் கற்கவேண்டிய வேறொரு முறையா என்பதும் எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் கார்வால் பக்கம் போகலாமா என்று என் மனைவி கேட்கிறாள். போகலாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். வழியில் யாராவது என்னிடம் அதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வேன் என்பதை மட்டும் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.